கணினி தானே போடும் தேதி

பில் போடும் கணினியில் தேதிக் கட்டத்தை நாம் தொடாவிட்டால் அன்றைய தேதியை அதுவே போட்டுக்கொள்ளும். விற்பனைக்கு வசதிதான், கொள்முதலுக்கு ஆகாது. கும்பகோணத்திலிருந்து மார்ச் 29-ல் பில்லோடு வந்திறங்கிய மிளகை ஏப்ரல் 2-ல் பதிந்தால், மார்ச் 31-ல் சரக்கு கிடங்கில் இருக்கும், கணக்கில் இராது. பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

கடன் சரக்கென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியுடன் திருப்ப வேண்டும். நாள் எண்ணுவது அவர் பில் தேதியிலிருந்து.

ஆகவே மென்பொருள் செய்து தருபவரிடம் இரண்டு கட்டங்கள் கேட்போம். ‘பதிந்த நாள்’ தானே நிரம்பட்டும். யாரும் திருத்த முடியாதபடி இருக்கட்டும். ‘பில் தேதி’ காலியாக நிற்கட்டும். அதை அடிக்காமல் பதிவு ஏறக்கூடாது. டாலியில் கொள்முதல் பதியும்போது விற்றவர் பில் எண்ணுக்கும் தேதிக்கும் தனி இடம் உண்டு. அதை வெறுமனே தாண்டிப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.