பங்குனிச் சருகு

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால் ஒரு சனி ஞாயிறைப் புத்தளம் களப்போரத்து வீட்டில் கழிக்கப் போவதாக எழுதியிருந்தாய். இரண்டு நாளும் வளவில் வேலை செய்வதா, பறவை பார்ப்பதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் தனித்தனி வேலைகள் என்று எண்ணுவதால் வரும் குழப்பம் இது. நம் கரையோர வளவுகளில் பங்குனியில் எல்லோரும் கையிலெடுக்கிற முதல் வேலை, உதிர்ந்த சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவது. அந்த ஒன்றை நீ விட்டுவிட்டாலே தோட்ட வேலையில் பாதி முடிந்துவிடும். பறவைகளும் தாமாக வரும். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். கற்பிட்டிக் குடாநாடு மணல் பூமி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால்தான் அது நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே உள்ள நன்னீர் ஒரு சாண் இறங்கினால், அடியில் உப்புநீர் நாளடைவில் நாற்பது சாண் மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. கோடையில் அளவுக்கு மீறி இறைத்த கிணறு உவர்ப்பதற்குக் காரணம் இதுதான். நீரோடு சேர்த்துச் சத்தையும் இழப்பது இந்த மணலின் குணம். போட்ட பசளை வேரைக் கடந்து கீழே ஓடிவிடும். வெங்காயமும் மிளகாயும் செறிவாகப் பயிரிடும் கற்பிட்டிப் பகுதிகளில், கிணற்று நீரின் நைத்திரேற்று அளவு உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. அந்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கிணற்றில் கலந்தது கிணற்றோடு நிற்பதில்லை. மெல்லக் களப்புக்கும் கசிகிறது. அங்கே பாசி பெருகினால் கடற்புல்லுக்கு வெயில் கிடைக்காது, சேற்றுப் புழுக்களுக்கு மூச்சு முட்டும்.

நீரையும் சத்தையும் இந்த மணலில் பிடித்துவைக்க வீட்டுத் தோட்டக்காரர் கையில் இருக்கும் மலிவான பொருள், உக்கிய இலைகுழைதான். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் வறண்ட நிலத்துத் தென்னைக்கு, பொச்சுமட்டையைக் குழிகளில் அடுக்கிப் புதைத்து ஈரத்தைக் காக்கும்படி சொல்லிவருகிறது. சருகைக் கொளுத்தினால் அதிலிருந்த நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். சாம்பலும் பசளைதானே என்று நீ கேட்கலாம். உண்மைதான், அதில் பொற்றாசியம் நிறைய இருக்கிறது. ஆனால் அது நீரில் எளிதில் கரைவது. சித்திரையில் இடியோடு வரும் முதல் மழை அதை மணலுக்குள் கழுவிக்கொண்டு போய்விடும். அதே சருகு தென்னையடியிலும் முருங்கையடியிலும் நான்கு விரல் கனத்துக்குக் கிடந்தால், வெயில் மணலைச் சுடாது, இறைக்கும் வாளிகளும் குறையும்.

இனிப் பறவைக்கு வருகிறேன். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து, ஏப்ரலில் திரும்பிப் போகும் ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் மிகக் குட்டை வாலும் கொண்டது. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாகக் கூப்பிடும். அது மரத்தில் இரை தேடுவதில்லை; நிழலான நிலத்தில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் பிடிக்கிறது. இமயமலை அடிவாரத்துக்கும் மத்திய இந்தியக் காடுகளுக்கும் இரவிரவாகப் பறந்துபோய்க் கூடு கட்டவேண்டிய பறவை அது. அந்தப் பயணத்துக்கான கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொள்ளும் பங்குனியிலேயே நாம் அதன் சாப்பாட்டுத் தட்டுக்கு நெருப்பு வைக்கிறோம். புலுனிக் கூட்டம் ஊரோடு இருப்பது; அதற்கும் சருகுதான் சந்தை. வேலிக்கு அப்பால் களப்புச் சேற்றில் மேயும் உள்ளான்களும் இதே அவசரத்தில் இருக்கின்றன. குளிர்காலம் முழுவதும் சாம்பலாய் இருந்தவற்றில் சில, பங்குனியில் மார்பு செங்கல் நிறமாக மாறத் தொடங்கும். சைபீரியப் பனிவெளிக்குப் புறப்பட ஆயத்தமாகின்றன என்பதற்கு அடையாளம் அது. இவ்வளவு தூரமா என்று நினைக்காதே. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்தி அனுப்பிய கடற்காகங்கள் வட ரஷ்யாவின் துருவக்கரை வரை போயிருக்கின்றன.

உன் வீட்டார் சொல்லக்கூடிய மறுப்புகள் அற்பமானவை அல்ல. சருகு கிடந்தால் டெங்கு வரும் என்பார்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய சுத்தமான நீரில்: சிரட்டை, தயிர்ச்சட்டி, பழைய ரயர், பீலி. சனிக்கிழமை காலை முதல் வேலையாக அவற்றைத் தேடிக் கவிழ்த்துவிடு. மணலில் பரப்பிய சருகில் தண்ணீர் தேங்காது. பாம்புப் பயமும் நியாயமானதே. வீட்டைச் சுற்றியும் கிணற்றடிக்குப் போகும் வழியிலும் வெறும் மணலாகக் கூட்டி வை. கூட்டிய முற்றம் நம் வீடுகளின் மரியாதை, அதை விடச் சொல்லவில்லை. சருகுக்கு இடம் வேலியோரமும் மரத்தடியும். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைப் பற்றிச் சொன்னால் கவனமாகக் கேள். அது பெருகுவது உக்கும் தென்னங்குற்றியிலும் எருக்குவியலிலும். ஆகவே குற்றியை அப்புறப்படுத்து, சருகைக் குவிக்காமல் பரப்பு.

இன்னொரு மறுப்பு இவற்றைவிடக் கனமானது. கரையோரக் கண்டலை அழித்து இறால் பண்ணை வெட்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பல பண்ணைகள் பாழாயின. அத்தனை பெரிய அழிவின் முன் ஒரு வளவுச் சருகு எம்மாத்திரம்? கண்டல் போன இடத்துக்குச் சருகு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களப்பைச் சுற்றி உள்ள நிலத்தில் வீட்டு வளவுகளும் ஒரு பெரிய பங்கு. அங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. பசளையே கூடாது என்றும் சொல்லவில்லை. 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடைசெய்தபோது விவசாயிகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வயிற்றுப்பாட்டுக்குப் பயிரிடுபவருக்கு மாற்றம் படிப்படியாகத்தான் வரவேண்டும். ஓய்வுநாள் தோட்டத்தில் அதை இன்றைக்கே தொடங்கலாம்.

கத்தரிக்கோலையும் உள்ளே வைத்துவிடு. செவ்வரத்தைப் பற்றையில் இரண்டு இலைகள் சேர்த்துத் தைத்தாற்போலத் தெரிந்தால், அது தையற்சிட்டின் கூடு. கிளை வெட்டுவதை ஆடிக்குத் தள்ளிப் போடலாம். ஒரு கொப்பியும் எடுத்துக்கொள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஜனவரியில் நடக்கிறது. பறவை புறப்படும் பங்குனி அந்தக் கணக்கில் வராது. அதை வளவில் இருப்பவர்தான் எழுதமுடியும். சனி மாலை ஆறு மணிக்கு வேலியோரம் அசையாமல் உட்கார்ந்து, ஆறுமணிக்குருவியின் சீழ்க்கை கேட்டால் நேரத்தைக் குறி. நீ திரும்பிய பிறகு வீட்டில் இருப்பவர்களை நாள்தோறும் குறிக்கச் சொல். சித்திரையில் ஒரு மாலை அது கூப்பிடாது. கடைசியாகக் கூப்பிட்ட தேதியை எனக்கு எழுது. அடுத்த ஒக்டோபரில் முதல் சீழ்க்கை கேட்ட தேதியையும்.

அன்புடன்,
அண்ணன்