கவிழ்ந்தவன் எழுதுவது

ஆக்லாந்து

அன்புள்ள மதுராவுக்கு,

ஒன்பது வயது மகளோடு முதல் கனூப் பயணம். பாம்பு, முதலை, கரடி இல்லாத இடம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். கேட்டது சரி. நம் ஊரில் தெரியாத குளத்தில் இறங்குமுன் கரையில் நிற்பவரை விசாரிப்போம் அல்லவா?

நீ எழுதிய மூன்றில் ஆஸ்திரேலியாவின் கேத்தரின் பள்ளத்தாக்கை இம்முறை விட்டுவிடு. மழைக்கால வெள்ளத்தோடு உவர்நீர் முதலைகள் ஏறி வந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் காவலர்கள் தேடிப் பிடித்து அகற்றிய பிறகே கனூ விடுவார்கள். நன்னீர் முதலைகள் அப்போதும் அங்கேதான் இருக்கும். கனடாவின் அல்கோன்குவினில் கருங்கரடி உண்டு. இரவில் சாப்பாட்டை மரத்தில் கட்டித் தொங்கவிடப் பழகிக்கொண்டு பிறகு போகலாம்.

எங்கள் வாங்கனுயி ஆற்றுக்கு வா. நியூசிலாந்துத் தரையில் பாம்பே கிடையாது. முதலையும் கரடியும் கிடையாது. இந்த மண்ணுக்கே உரிய தரைவாழ் பாலூட்டி வௌவால் ஒன்றுதான். மணல் ஈ கடிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள். முழுப் பயணம் 145 கிலோமீட்டர், ஐந்து நாள். வாகஹோரோவில் இறங்கி பிபிரிகி வரை துடுப்புப் போட்டால் 87 கிலோமீட்டர், மூன்று நாள். உங்களுக்கு அது போதும். வழியில் காட்டுக்குள் ஒரு கான்கிரீட் பாலம் தனியாக நிற்கும். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கொடுத்த நிலங்களுக்காக 1936இல் கட்டினார்கள்; 1942இல் ஊரே காலியாகிவிட்டது. மகளுக்கு அவசியம் காட்டு. மாவோரி மக்களுக்கு இந்த ஆறு மூதாதை. 2017இல் சட்டமும் அதை ஓர் ஆளாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் மதுரா, விலங்கு இல்லை என்றதும் மனம் அசந்துவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. கடைசி நாள், வெயிலென்று மிதவைச் சட்டையின் பட்டியைத் தளர்த்தியிருந்தேன். பிபிரிகிக்கு மேலே ஒரு நீர்விரைவில் கனூ புரண்டது. சட்டை முகத்துக்கு மேல் ஏறிக்கொண்டது. அக்டோபர்த் தண்ணீரின் குளிரில் மூச்சே உள்ளே போகவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

அதனால் பெப்ரவரியில் வாருங்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஆறு ஏறும். இரவில் கனூவைக் கரையில் நன்றாக உயரத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். மாற்றுடுப்பு மூடி திருகிய பீப்பாய்க்குள் இருக்கட்டும். பிள்ளைக்கு மிதவைச் சட்டையை அங்கே வாங்காதே. இங்கே வந்ததும் போட்டுப் பார்த்து எடுப்போம். பட்டியை நானே இறுக்கிவிடுகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா