கரும்பு நடவில் தரம்: வெற்றிடம் காட்டும் காரணம்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் கரும்பு சரியாக முளைக்காவிட்டால், 'தோல் கழிவுநீர் கெடுத்துவிட்டது' என்பதே முதல் பேச்சு. இப்பகுதியில் நிலமும் நீரும் கெட்டதை உச்ச நீதிமன்றமே 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துரைத்தது. ஆயினும் எல்லா வெற்றிடத்துக்கும் உப்பே காரணமல்ல. காரணம் அறியாமல் மறுநடவு செய்தால் பணம் வீண். பயிர் எண்ணிக்கைக் குறைவு மறுதாம்பிலும் தொடரும்.

விதைக் கரணை: 6 முதல் 7 மாத வயதுள்ள, நோயற்ற நாற்றங்கால் கரும்பையே வெட்டவேண்டும். தோகையைக் கையால் உரித்தால் பரு அடிபடாது. 100 லிட்டர் நீரில் கார்பன்டாசிம் 50 கிராம், யூரியா 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ கரைத்து, கரணைகளை 15 நிமிடம் ஊறவைத்து நடவேண்டும்.

கை நடவு: 80 செ.மீ. இடைவெளியுள்ள பார்களில் ஒரு மீட்டருக்கு இரு பருக் கரணை 6 வீதம், ஏக்கருக்குச் சுமார் 30,000 கரணை தேவை. பருக்கள் பக்கவாட்டில் இருக்குமாறு வைத்து மெல்லிய மண்ணால் மூடவேண்டும். ஆழமாகப் புதைத்தால் முளை வெளிவராது.

இயந்திர நடவு: முழுக் கரும்பை இயந்திரமே வெட்டிச் சாலில் போட்டு மூடுகிறது. கரும்பு கொடுக்கும் ஆள் ஒரு கணம் தாமதித்தாலும் சாலில் இடைவெளி விழும். எனவே அவர் கைவேகத்துக்கு ஏற்ப டிராக்டரை மெதுவாக ஓட்டவேண்டும். முதல் சாலிலேயே நான்கு இடங்களில் மண்ணை விலக்கி, கரணை எண்ணிக்கை, ஆழம், பருவின் நிலை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். கரணை நுனி பிளந்திருந்தால் கத்தியைத் தீட்டவேண்டும். மருந்துத் தொட்டியுள்ள இயந்திரமானால், கரைசல் கரணைமேல் விழுகிறதா என்றும் கவனிக்கவேண்டும்.

வெற்றிடத்தைத் தோண்டுங்கள்: நட்ட 25-ஆம் நாள் முளைக்காத இடங்களைத் தோண்டிப் பார்க்கவேண்டும். கரணையே இல்லையெனில் நடவுக் குறை. பரு நசுங்கியிருந்தால் வெட்டும்போதோ கையாளும்போதோ நேர்ந்த பழுது. உள்ளே சிவந்து கருத்து அன்னாசிப்பழ மணம் வீசினால் அன்னாசி நோய். கரணை நேர்த்தி போதவில்லை. உள்ளீடற்று மண் நிரம்பியிருந்தால் கரையான். முளை வந்தும் நுனி கருகி, மண்மேல் வெள்ளைப் பூப்பு படர்ந்திருந்தால் உப்பே காரணமாகலாம்.

உப்பென்று ஐயமிருந்தால் மண்ணையும் பாசன நீரையும் பரிசோதிக்கவேண்டும். செறிவூட்டிய மண் கரைசலின் மின் கடத்தும் திறன் 1.7 டெசி சைமனைத் தாண்டினால் கரும்பு மகசூல் குறையத் தொடங்கும். அத்தகைய நிலத்தில் பார் உச்சியில் நடாமல் சாலில் நட்டு, முதல் மாதம் கிடைக்கும் நல்ல நீரை அடிக்கடி மெலிதாகப் பாய்ச்சவேண்டும். சோதனை முடிவு களர் எனக் காட்டினால் மட்டும், அதில் கண்ட அளவு ஜிப்சம் இடவேண்டும்.

வெற்றிடங்களை 30 நாட்களுக்குள் முளைத்த கரணையாலோ ஒருபரு நாற்றாலோ நிரப்பவேண்டும். தாமதித்து நட்ட நாற்று, முன்பு வளர்ந்த கரும்பின் நிழலில் நலிந்துவிடும். அதற்கென ஒரு சிறு பாத்தியில் நடவன்றே கொஞ்சம் கரணைகளை நட்டுவைப்பது சிக்கனமான காப்பு.

விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.