மனைவி கேட்கிறார், கணவர் வாய் திறப்பதில்லை – ஏன்?



குடும்ப ஆலோசனைக்காக நமது அறக்கட்டளைக்கு வருபவர்களிடம் நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார்கள் இரண்டு. "எதைக் கேட்டாலும் பதில் இல்லை, எழுந்து வெளியே போய்விடுகிறார்" என்பது மனைவி தரப்பு. "வீட்டுக்குள் கால் வைத்தால் கேள்விதான், நிம்மதியே இல்லை" என்பது கணவர் தரப்பு. இதற்குப் பெரியவர்களிடம் தீர்ப்பு தயாராக இருக்கும்: பெண் என்றால் நச்சரிப்பாள், ஆண் என்றால் அப்படித்தான் இருப்பான், நீ சபர் செய்மா. நாமும் பல ஆண்டுகள் இதையே சற்று நாகரிகமான சொற்களில் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) கணவர் நீண்ட காலம் சவூதியில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். கடன் எவ்வளவு, யாரிடம் என்று மனைவி தினமும் கேட்கிறார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனால் இஷாவுக்குப் பிறகுதான் வருகிறார். பேச்சு தலாக் வரை போய்விட்டது. நாம் வழக்கம்போல் அந்தச் சகோதரிக்குச் சபரைப் பற்றிச் சொன்னோம். அவர் அழவில்லை. "சபர் செய்கிறேன் ஹஸ்ரத். எதற்காகச் செய்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

ஒருவர் வற்புறுத்திக் கேட்பதும் மற்றவர் ஒதுங்கிப் போவதுமான இந்தப் போக்கை உளவியலாளர்கள் நெடுநாளாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், கிறிஸ்டோபர் ஹீவி ஆகிய இருவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் கண்ணைத் திறந்தது. 31 தம்பதிகளை அழைத்து, ஒவ்வொரு தம்பதியையும் இரண்டு விஷயங்கள் பற்றிப் பேசவிட்டார்கள். ஒன்று, கணவரிடம் மாற்றம் வேண்டும் என்று மனைவி விரும்பிய விஷயம். மற்றது, மனைவியிடம் மாற்றம் வேண்டும் என்று கணவர் விரும்பிய விஷயம். மொத்தத்தில் மனைவி கேட்பதும் கணவர் ஒதுங்குவதுமே அதிகம் தென்பட்டது. அதுவரை நம் பெரியவர்கள் சொன்னது சரிதான். ஆனால் மாற்றத்தை விரும்பியவர் கணவராக இருந்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. யாருக்கு மாற்றம் தேவையோ அவர் வற்புறுத்தினார், யாரை மாறச் சொன்னார்களோ அவர் நழுவினார்.

அப்படியானால் நாம் 'பெண் சுபாவம்' என்று பெயரிட்டதில் ஒரு பெரும் பகுதி சுபாவமே அல்ல. இருக்கிற ஏற்பாடு யாருக்கு வசதியோ, அவருக்குப் பேச்சைத் தொடங்கவே காரணம் இல்லை. நமது நாட்டில் 2019இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 299 நிமிடக்காரர்தானே முதலில் வாய் திறப்பார்?

வீட்டு வழக்கங்கள் எல்லாம் இயற்கையின் கட்டளை என்று நினைப்பவர்கள் காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் பார்க்கட்டும். அங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது பரம்பரை வழக்கம். வேறு ஊர்களில் அதே செயலுக்குக் கேலிப் பெயர் வைக்கிறார்கள்!

சரி, கணவரின் மௌனத்துக்கு வருவோம். அதை அலட்சியம் என்றே நாம் எண்ணியிருந்தோம். அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசியபோது தெரிந்தது, அவர் ஊருக்கு வந்தது விருப்பப்பட்டு அல்ல, வேலை போய்த்தான் வந்திருக்கிறார். அதை வாப்பாவிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. சம்பாதித்துப் போடுபவனே ஆண் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர், சம்பாத்தியம் நின்றதும் தன் பேச்சுக்கும் மதிப்பு போய்விட்டதாக நினைத்துக்கொண்டார். சமூகம் வைத்த அளவுகோலை எட்ட முடியாத ஆணுக்கு அந்த அளவுகோலே நோயாகிறது என்பதை ஜோசப் பிளெக் என்ற உளவியலாளர் 1981லேயே ஒரு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். குடும்பச் செலவு கணவர் மீது கடமை என்பதில் மாற்றமில்லை. நெருக்கடியை மறைப்பதும் கடமை என்று யார் சொன்னது?

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்த வேளையை நினைத்துப் பாருங்கள். குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியும் மனம் நொந்திருந்த தோழர்கள் எழவில்லை. நபியவர்கள் தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சென்று நடந்ததைச் சொன்னார்கள். நீங்கள் யாரிடமும் பேசாமல் முதலில் உங்கள் பலிப்பிராணியை அறுங்கள் என்ற கருத்தில் அன்னையார் ஆலோசனை கூற, நபியவர்கள் அப்படியே செய்தார்கள், தோழர்களும் எழுந்தார்கள். மனக்கவலையை மனைவியிடம் சொல்வதை இழுக்கு என்று நினைக்கும் சகோதரர்களிடம் நாம் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்.

கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டால் எந்த மனிதருக்கும் நழுவத்தான் தோன்றும். கடனைப் பற்றிப் பேசும்போது மாமியார், நாத்தனார் கணக்கையும் சேர்த்துத் திறக்க வேண்டாம். கணவருக்கு அப்போது பேச முடியவில்லை என்றால், நாளை ஃபஜ்ருக்குப் பிறகு பேசலாம் என்று நேரம் சொல்லட்டும். சொன்ன நேரத்தில் வந்து உட்காரட்டும், அதுதான் முக்கியம். அடி, உதை, மிரட்டல் உள்ள வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு, தாமதிக்காமல் நம்மிடம் வாருங்கள்.

அந்தத் தம்பதி மூன்றாவது முறை வந்தபோது கணவர் கடன் விவரத்தை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். மனைவி பயந்திருந்ததைவிடத் தொகை குறைவு. வளையலை விற்றுக் கட்டிவிடலாம் என்கிறார் மனைவி, அது உன் பொருள், தொடமாட்டேன் என்கிறார் கணவர். இதில் இன்னும் முடிவாகவில்லை, அடுத்த மாதம் மீண்டும் வருகிறார்கள்.