காப்பாற்றவா? காட்சிக்காகவா?

ஈசூன் அணைக்கட்டுச் சாலையில் நடந்து செல்பவர்கள் ஒரு பக்கம் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தையும் மறுபக்கம் ஜொகூர் நீரிணையையும் பார்க்கலாம். அந்த நீரிணையில் கிழக்கு நோக்கிச் சென்றால் புலாவ் உபின் தீவு வரும். 1998ஆம் ஆண்டில் அத்தீவுக்கு அருகே ஒரு கடற்பசுக் குட்டி மீட்கப்பட்டது. அது தன் தாயை இழந்திருந்தது. பால்குடி மறவாத அந்தக் குட்டியால் கடலில் தனியாகப் பிழைத்திருக்க முடியாது. எனவே, செந்தோசாவில் இருந்த ‘அண்டர்வாட்டர் வேர்ல்ட்’ காட்சியகம் அதை வளர்த்தது. ‘கிரேசி’ என்று பெயரிடப்பட்ட அந்தக் கடற்பசு, 2014இல் இறக்கும்வரை மனிதர்களின் பராமரிப்பிலேயே இருந்தது.

அதே செந்தோசாவுக்கு வந்த டால்பின்களின் கதை வேறு. ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா உல்லாசத் தலத்திற்காக, பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளின் அருகே 27 டால்பின்கள் பிடிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு, 2010இல் லங்காவியில் வைக்கப்பட்டிருந்தபோது நோய்த்தொற்றால் இறந்தன. மற்றவை பிலிப்பீன்சில் பயிற்சி பெற்றன. 2012இல் சிங்கப்பூருக்கு வரும் வழியில், விமானத்திலேயே மேலும் ஒரு டால்பின் இறந்தது. அவற்றை மீண்டும் கடலில் விடவேண்டும் என்று ‘ஏக்கர்ஸ்’ விலங்குநல அமைப்பு இயக்கம் நடத்தியது. எனினும், எஞ்சிய 24 டால்பின்களும் செந்தோசாவிலேயே தங்கின.

டால்பின் மீன் அன்று. அது நுரையீரலால் சுவாசித்து, குட்டி ஈன்று பாலூட்டும் உயிரினம். கூட்டமாக வாழ்ந்து, இரை தேடி நெடுந்தொலைவு நீந்தும். தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே இரை இருக்கும் இடத்தை அறியும். தடாகம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது கடலாகிவிடாது. அங்கே இரை தேடவும் வேண்டியதில்லை. வேளை தவறாமல் வாளியில் வந்துவிடும். பசி தீர்ந்தால் மட்டும் போதுமா?

காட்சியகங்களை ஆதரிப்போரின் கருத்தையும் நாம் கேட்க வேண்டும். கடலுக்குள் செல்ல வாய்ப்பில்லாத ஒரு சிறுவன் டால்பினை நேரில் பார்த்தால் அதன்மீது அன்பு கொள்வான். பிற்காலத்தில் கடலைக் காக்கவும் முன்வருவான் என்பது அவர்கள் வாதம். மருத்துவர்களின் கவனிப்பு கிடைக்கிறது, ஆய்வுக்கு உதவுகிறது என்றும் அவர்கள் கூறுகின்றனர். தடாகத்திலேயே பிறந்து வளர்ந்த டால்பினைத் திடீரென்று கடலில் விட்டால் அது பிழைப்பது கடினம் என்பதும் உண்மை.

இந்தியா இதில் தெளிவான ஒரு முடிவை எடுத்தது. 1990களின் பிற்பகுதியில் பல்கேரியாவிலிருந்து சென்னைக்கு அருகில் உள்ள ஒரு பூங்காவிற்குக் கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்தன. 2013இல், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று இந்திய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டு அரசோ, 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. விலங்கை நம்மிடம் கொண்டுவருவதற்குப் பதிலாக, அது வாழும் இடத்தையே காக்கும் வழி இது.

கிரேசியும் டால்பின்களும் மனிதர்களின் பராமரிப்பில்தான் வாழ்ந்தன. ஆனால், கிரேசிக்கு மனிதர்களின் உதவி தேவைப்பட்டது; கடலில் நலமாக நீந்திய டால்பின்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆகவே, ஒரு விலங்கை அடைத்து வைக்கும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது யாருடைய நன்மைக்காக?

சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் இன்றும் சில வேளைகளில் டால்பின்கள் தென்படுகின்றன. அவற்றைக் காண நுழைவுச்சீட்டு வேண்டாம், பொறுமை வேண்டும். பல முறை சென்றும் பார்க்க முடியாமல் போகலாம். அந்த ஏமாற்றத்தை ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமாக இருக்கிறோமா? சிந்தித்துப் பாருங்கள்.