முதல் 12 பைட்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதமும் நீ அனுப்பிய படங்களும் கிடைத்தன. க்வேக் விளையாட்டின் ஃபைலை ஏதோ ஒரு கருவியில் போட்டு, ஒரே கிளிக்கில் நூற்றுக்கணக்கான கோப்புகளை உருவி எடுத்திருக்கிறாய். சுவர் டெக்ஸ்ச்சர் அத்தனையும் சாம்பல் நிறம். அரக்கன் மாடலின் விலாப்பக்கம் ஈரப் பெயின்டைக் கையால் இழுத்துவிட்ட மாதிரி கோடு கோடாக இருக்கிறது. பின்னணி இசை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "இதைவிட நல்ல டூல் எது மாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

பெயர் சொல்ல எனக்கு ஒரு வரி போதும். ஆனால் அந்த டூலும் ஓரிடத்தில் தவறும். அப்போதும் நீ இதே கேள்வியோடு நிற்பாய். அதனால் இந்த ஒருமுறை டூலை மூடிவிட்டு, ஹெக்ஸ் எடிட்டரில் ஃபைலைத் திறந்து உன் கண்ணால் படி. பழகிப்பார்க்க க்வேக்கைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. ஐடி சாஃப்ட்வேர் 1996 ஜூனில் அதன் முதல் பகுதியை ஷேர்வேராக வெளியிட்டது. 1999 டிசம்பரில் மூல நிரலையும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிட்டது. ஆகவே ஃபைலில் இருக்கும் எந்த பைட்டுக்கும் அர்த்தம் தேடி நீ இருட்டில் துழாவ வேண்டியதில்லை.

ஐடி1 என்ற ஃபோல்டரில் பேக்0.பேக் இருக்கும். அதன் முதல் நான்கு பைட்டைப் பார். எடிட்டர் அவற்றைப் பதினாறடிமான எண்ணில் காட்டும். பத்தடிமானத்தில் சொன்னால் 80, 65, 67, 75. ஆங்கில எழுத்துகளாகப் படித்தால் 'பேக்' என்ற சொல். இது அந்தக் கோப்பின் முத்திரை. அடுத்த நான்கு பைட், பொருளடக்கம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். அதற்கடுத்த நான்கு, பொருளடக்கத்தின் நீளம். ஆக மொத்தம் 12 பைட்.

கடைசி நான்கில் கொஞ்சம் நின்று பார். என்னிடமுள்ள பதிப்பில் அவை 192, 84, 0, 0. நாம் எண்ணை எழுதும்போது பெரிய இடத்திலிருந்து தொடங்குவோம். இந்தக் கோப்பு சின்ன இடத்திலிருந்து தொடங்குகிறது. எனவே 84ஐ 256ஆல் பெருக்கி 192ஐக் கூட்டு. 21,696 வரும். பொருளடக்கத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் 64 பைட்: பெயருக்கு 56, இருக்கும் இடத்துக்கு 4, அளவுக்கு 4. 21,696ஐ 64ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 339. உள்ளே இருக்கும் கோப்புகள் 339! இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார், மாப்பிள்ளை. விடை மிச்சமில்லாமல் வந்து நிற்கும்போது வரும் சந்தோஷத்தை எந்த டூலும் தராது. இனி வேலை சுலபம். இடத்துக்குப் போய் அந்த அளவுக்கு வெட்டி, அந்தப் பெயரில் சேமிக்க வேண்டும். பைத்தானில் இருபது வரி போதும். பெயர் முடியும் இடத்தில் ஒரு சுழியம் இருக்கும், அதோடு நிறுத்திக்கொள்.

சாம்பல் நிறத்துக்கு வருவோம். பெயின்ட் கடையில் ஷேடு கார்டு பார்த்திருப்பாய். வீட்டுக்காரர் நம்பரைச் சொல்வார், கடைக்காரர் கார்டைப் பார்த்து நிறத்தைக் கலப்பார். க்வேக் டெக்ஸ்ச்சரில் ஒரு புள்ளிக்கு ஒரே பைட்; அது நிறம் அல்ல, நிறத்தின் நம்பர். கார்டு தனியே இருக்கிறது, ஜிஎஃப்எக்ஸ் ஃபோல்டரில் பேலட் என்ற பெயரில். 256 நிறம், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட், மொத்தம் 768. உன் டூல் கார்டைப் பார்க்காமல் நம்பரையே வெளிச்சத்தின் அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கார்டின் கடைசி 32 நிறங்களை மட்டும் தனியே கவனி. விளையாட்டில் எவ்வளவு இருட்டு வந்தாலும் அவை மங்காது. விளக்கும் தீயும் இருட்டில் ஜொலிப்பது அவற்றால்தான்.

சுவர் டெக்ஸ்ச்சர்கள் தனிக் கோப்பாக இருக்காது, வரைபடக் கோப்புக்குள் இருக்கும். ஒரே படம் முழு அளவு, பாதி, கால், அரைக்கால் என நான்கு அளவில் அடுக்கியிருக்கும். தூரத்துச் சுவருக்குச் சின்னது, பக்கத்துச் சுவருக்குப் பெரியது. உனக்கு முதலாவது போதும்.

மாடல்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 8 எம்பி நினைவகம் உள்ள கணினியில் ஓடவேண்டிய விளையாட்டு இது. மாடலின் முக்கோணங்கள் சேரும் ஒரு முனையின் மூன்று ஆயங்களைத் தசம எண்ணாக வைத்தால் 12 பைட் ஆகும். விளையாட்டை எழுதியவர்கள் ஆயத்துக்கு ஒரு பைட் என மூன்றில் முடித்துவிட்டார்கள். 0 முதல் 255 வரையுள்ள அந்த எண்ணை, கோப்பின் தலைப்பில் இருக்கும் அளவுகோலால் பெருக்கி, நகர்வைக் கூட்டினால் உண்மையான இடம் கிடைக்கும். நான்காவது பைட், அந்த முனையில் மேற்பரப்பு பார்த்து நிற்கும் திசை; வெளிச்சத்தைக் கணக்கிட அது வேண்டும். 162 திசைகளை முன்பே கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்திருக்கிறார்கள், இது அதில் எத்தனையாவது என்ற எண். அரக்கன் நடக்கும்போது உடம்பு லேசாகத் தளும்புகிறதே, அந்த ஒற்றை பைட்டின் சிக்கனம்தான் காரணம்.

இழுத்துவிட்ட கோட்டுக்கும் விடை இங்கேயே இருக்கிறது. மாடலின் தோல் ஒரே படம்: இடப்பாதி முன்பக்கம், வலப்பாதி பின்பக்கம். இரண்டும் சேரும் தையலில் உள்ள முனைகள் ஒருமுறைதான் பதிவாகியிருக்கும். பின்பக்க முக்கோணத்துக்கு அந்த முனையைப் பயன்படுத்தும்போது படத்தின் பாதி அகலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டாவிட்டால் ஒரு முனை முன்பாதியிலும் மற்றது பின்பாதியிலும் நின்று, இடையிலிருக்கும் தோலெல்லாம் இழுபடும். ஒரே ஒரு கூட்டல், மாப்பிள்ளை.

ஒலிகளில் சிரமமே இல்லை, சாதாரண வேவ் கோப்புகள். 82, 73, 70, 70 என்று தொடங்கும். ஆனால் சில சூழல் ஒலிகளில், எந்த இடத்திலிருந்து திரும்ப ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு கோப்புக்குள்ளேயே உண்டு. வேறு வடிவத்துக்கு மாற்றினால் அது தொலைந்துபோகக்கூடும். மூலத்தை அப்படியே பத்திரமாக வை. இசை கிடைக்காததில் உன் தவறு எதுவுமில்லை. ட்ரெண்ட் ரெஸ்னரும் நைன் இன்ச் நெயில்ஸும் செய்த அந்த இசை, சிடியில் தனி ஆடியோ தடங்களாக இருந்தது. பேக் கோப்பில் எவ்வளவு தோண்டினாலும் வராது.

இந்தப் பழக்கம் மற்ற விளையாட்டுகளுக்கும் உதவும். க்வேக் 3இன் பிகே3 கோப்பைத் திறந்தால் 80, 75, 3, 4 என்று வரும். அது வேறொன்றுமில்லை, பெயர் மாற்றிய ஜிப்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூல நிரலைத் திறந்துவிட்டார்களே தவிர, படமும் மாடலும் ஒலியும் இன்னும் அதன் உரிமையாளருடையவைதான். அவற்றைப் பிரித்துப் பார், படி, உன் கணினியில் மாற்றி விளையாடு. அந்த அரக்கனை உன் சொந்த விளையாட்டில் வைத்து வெளியிடாதே. ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக வரைந்த தோல் அது. சுதந்திரமாகப் பயன்படுத்தவென்றே புதிதாக வரைந்து, செதுக்கி, பதிவுசெய்த தொகுப்பு வேண்டுமென்றால் லிப்ரேக்வேக் இருக்கிறது. டூம் விளையாட்டுக்கு ஃப்ரீடூம் இருக்கிறது. அவற்றின் உரிமத்தைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்.

இன்றிரவே ஹெக்ஸ் எடிட்டரை நிறுவிவிடு. உன் பேக்0 கோப்பின் ஐந்தாவது பைட்டிலிருந்து எட்டாவது வரை என்ன எண்கள் இருக்கின்றன, அவை எந்த இடத்தைக் காட்டுகின்றன என்று கணக்குப் போட்டு எனக்கு எழுதி அனுப்பு. டூலின் பெயரை அதற்கு வரும் பதிலில் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா