பெற்றோரே முதல் ஆசார்யர்கள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உற்சவ காலத்தில் எல்லாச் சந்நிதிகளிலும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. தாய் ஒருத்தி தன் சிறு பிள்ளையின் தலையைக் கையால் அழுத்தி, "பெருமாளைச் சேவித்துக்கொள்" என்கிறாள். பிள்ளை தலையைக் குனிகிறது. ஆனால் அதன் கண்கள் எம்பெருமானைப் பார்ப்பதில்லை. கடைக்கண்ணால் தாயின் முகத்தையே பார்க்கின்றன. அவள் கைகள் குவிந்திருக்கின்றனவா, அவள் வாய் திருநாமத்தைச் சொல்கிறதா, அல்லது பக்கத்தில் நிற்பவரோடு ஊர்க்கதை பேசுகிறதா என்பதை அது கவனித்துக்கொண்டிருக்கிறது. தாய் சொன்ன சொல்லை அப்பிள்ளை மறந்துவிடலாம். தாய் நின்ற நிலையை மறவாது.

கோட்டைக்குப்பம் முதலான பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் பிள்ளை குட்டிகளோடு இவ்வுற்சவத்திற்கு வந்து சேர்ந்திருக்கும் அடியார்களின் திருமுன்பு இந்த ஒரு பொருளைப் பற்றியே சில வார்த்தைகள் விண்ணப்பித்துக்கொள்ள விழைகிறோம்.

ஆசார்யன் என்னும் சொல்

நம் ஸம்ப்ரதாயத்தில் ஆசார்யன் என்னும் சொல்லுக்குப் பெரியோர் மூன்று இலக்கணங்கள் கூறுவர். சாஸ்திரப் பொருள்களை ஆராய்ந்து திரட்டிக்கொள்வது ஒன்று. பிறரை அந்நெறியில் நிலைநிறுத்துவது மற்றொன்று. தானே அதை அனுஷ்டிப்பது மூன்றாவது. முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லையேல் அவன் பேச்சில் வல்லவனாகலாமேயன்றி ஆசார்யன் ஆகான்.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் இதையே தன்னை வைத்து விளக்குகிறான். மேலோர் எவ்வழி நடக்கிறார்களோ அவ்வழியே மற்றவரும் நடப்பர்; ஆகையால்தான் மூவுலகிலும் தனக்கென்று அடைய வேண்டியது ஏதும் இல்லாதிருந்தும் தானும் கர்மத்தை விடாது செய்வதாக அருளிச்செய்கிறான். ஸர்வேசுவரனே நடந்து காட்டித்தான் உலகத்தை நடத்த வேண்டியிருக்கிறது என்றால், நாம் வாயால் மட்டும் சொல்லி நம் பிள்ளைகளை நடத்திவிட முடியுமா?

ஒரு குழந்தைக்கு உலகில் மேலோர் யார்? அது பள்ளிக்கூடத்தையும் மடத்தையும் காணுமுன் தாயையும் தந்தையையுமே காண்கிறது. ஆதலின் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பெற்றோர் ஆசார்ய ஸ்தானத்தில் அமர்த்தப்பட்டிருக்கின்றனர். அந்த ஸ்தானத்திற்குத் தக்கவராக இருக்கிறோமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

ஏரி கற்பிக்கும் பாடம்

இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படும் பழவேற்காட்டு ஏரியே சான்று. வலை வீசுவதையும், நீரின் நிறம் கண்டு மீனின் போக்கை அறிவதையும், காற்று மாறுவதை உணர்வதையும் இக்கரையில் எந்தத் தகப்பனும் உட்கார வைத்து உபதேசித்ததில்லை. பிள்ளை படகில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான், தகப்பன் செய்தான், பிள்ளை பார்த்தான். சில ஆண்டுகளில் அந்தக் கை இந்தக் கையாயிற்று.

தொழில் மட்டுமா இவ்வாறு கைம்மாறுகிறது? நியாயமும் இவ்வாறே கைம்மாறுகிறது. கோட்டைக்குப்பம் உள்ளிட்ட குப்பங்களில் தலைமுறைகளாக வழங்கி வந்த 'பாடு' முறையை இவ்வட்டாரத்தார் அறிவர். ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்ளும் வழக்கம் அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல், முறைப்படி எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. தன் முறை அல்லாத நாளில், இறால் துள்ளுவதைக் கண்ணால் கண்டும் வலையை இறக்காமல் படகைத் திருப்பும் தகப்பனைப் பார்க்கும் சிறுவனுக்குப் பிறர் பொருளை விரும்பாமையைப் பற்றித் தனியே பாடம் எடுக்க வேண்டுமா? அதே தகப்பன் இருட்டில் பிறர் முறையில் கைவைப்பானாயின், பிறகு எத்தனை நீதிக்கதை சொன்னாலும் அச்சிறுவன் காதில் ஏறுமா?

கூரத்தாழ்வானின் திருமாளிகை

பெற்றோர் அனுஷ்டானத்தால் பிள்ளை வளர்ந்ததற்கு நம் குருபரம்பரையில் தலைசிறந்த உதாரணம் கூரத்தாழ்வானின் குடும்பம். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்த ஆழ்வான், அச்செல்வத்தை எல்லாம் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் சேர்ந்து, எம்பெருமானாரின் திருவடிகளில் உஞ்சவிருத்தியால் காலக்ஷேபம் செய்து வந்தார்.

ஒரு நாள் பெருமழை. பிக்ஷைக்குச் செல்ல இயலவில்லை. இருவரும் பட்டினியாயிருந்தனர். இரவில் பெரிய பெருமாள் அமுது செய்தருளும் மணியோசை கேட்டது. அடியவர் பட்டினி கிடக்கப் பெருமாள் அமுது செய்கிறாரே என்று ஆண்டாள் திருவுள்ளத்தில் ஒரு கணம் எண்ணினார். சிறிது நேரத்தில் அரங்கன் நியமனத்தால் பிரஸாதம் வரிசைகளோடு வீடு தேடி வந்தது. ஆழ்வான் மகிழ்ந்து ஆரவாரிக்கவில்லை, "நீ ஏதேனும் நினைத்தாயோ?" என்று தேவிகளை வினவினார். ஆண்டாளும் ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னார். எம்பெருமானிடம் உணவுக்காக மனத்தாலும் வேண்டலாகாது என்று கருதிய ஆழ்வான், தமக்கும் தேவிகளுக்கும் வேண்டிய சிறிதளவே எடுத்துக்கொண்டார். அந்தப் பிரஸாதத்தின் பலனாகவே பராசர பட்டரும் வேதவியாஸ பட்டரும் அவதரித்தனர் என்பது பெரியோர் வார்த்தை.

இங்கே நாம் குறிக்கொள்ள வேண்டியது அற்புதத்தை மட்டும் அன்று. பிள்ளைகள் பிறக்கும் முன்பே அவ்வீட்டில் இரண்டு குணங்கள் குடியிருந்தன. கணவர் கடிந்து பேசாமல் கேட்டார். மனைவி அஞ்சாமல் உண்மை சொன்னார். அத்தகைய வீட்டில் வளரும் குழந்தை பொய் சொல்லக் கற்பதற்கு இடம் ஏது?

பட்டர் சிறு பிராயத்தில் திருவாய்மொழியின் எட்டாம் பத்தில் ஓரிடத்தைக் குறித்து ஐயம் கேட்டார். சிறுமையும் பெருமையும் ஒரே மனிதரிடத்தில் எவ்வாறு சேர்ந்திருக்கும் என்பது அவர் கேள்வி. உபநயனம் ஆகாத பாலனாகையால் வேத வாக்கியம் காட்டி விடை கூற ஆழ்வான் விரும்பவில்லை. சிறியாச்சான், அருளாளப் பெருமாள் எம்பெருமானார் போன்ற மகான்களைச் சுட்டிக்காட்டினார். வடிவில் சிறியர், ஞானத்தில் பெரியர். இவர்களைப் பார் என்றார். சொல்லால் விளங்காததை மனிதரைக் காட்டி விளக்கினார். பிள்ளையின் கண்முன் நல்லோர் நடமாடும்படி ஒரு வீட்டை வைத்துக்கொள்வதும் பெற்றோரின் கடமையே என்பது இதனால் தெளிவாகிறது.

பிற்காலத்தில் ஆழ்வான் சோழன் சபையில் கண்களை இழந்தார். அதற்குக் காரணமாயிருந்தவன் நாலூரான். பின்னர் எம்பெருமானாரின் நியமனப்படி காஞ்சி வரதனிடம் ஆழ்வான் வரம் வேண்டியபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்றே விண்ணப்பித்தார். தீங்கிழைத்தவனுக்கு நன்மை வேண்டிய இத்தந்தையின் மகன் எவ்வாறிருந்தார்? ஒருவர் பொறாமையால் பட்டரைப் பலர் முன்னிலையில் நிந்தித்தபோது, தம் குறைகளை நினைவூட்டியவர் என்று அவருக்குத் தம் உத்தரீயத்தைப் பரிசாக அளித்தார். ஸஹஸ்ரநாமத்திற்கு எம்பெருமானின் குணங்களையே விரித்துரைக்கும் பகவத்குண தர்ப்பணம் என்னும் பாஷ்யத்தை அருளிச்செய்தவரும் இவரே. குணத்தைப் பேசுவதற்கு முன்னே அதைத் தம் வீட்டில் கண்டிருந்தார்.

தன்னைப் பேணுதல் தன்னலமா?

இங்கு ஓர் ஐயம் எழும். பிள்ளைகளுக்காகத் தம்மை வருத்திக்கொள்வதன்றோ பெற்றோரின் பெருமை? தாய் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சினால் உண்கிறாள். காய்ச்சலை மறைத்துக்கொண்டு மீன் கூடையைத் தலையில் ஏற்றுகிறாள். தந்தை இரவெல்லாம் நீரில் விழித்துக் கிடந்து, அந்தக் களைப்பை மறக்கவென்று மதுவை நாடுகிறார். முன்னதைத் தியாகம் என்கிறோம். பின்னதைக் குற்றம் என்கிறோம். ஆயினும் தம் உடலைப் பேணாமை இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைக் காண்பதில்லை.

எம்பெருமானார் தரிசனத்தில் இவ்வாத்மா எம்பெருமானுக்குச் சேஷப்பட்டது, அவனுடைய உடைமை. ஆத்மா அவனுடையதாயின் அதற்கு அமைந்த உடலும் அவனுடையதே. பிறர் நம்மிடம் ஒப்புவித்த பாத்திரத்தைத் துலக்காமல் களிம்பேற விடலாமா? உடலைப் பேணுதல் அவன் உடைமையைக் காக்கும் கைங்கர்யமாகும். மிகுதியாய் உண்பவனுக்கும், அறவே உண்ணாதவனுக்கும், மிகுதியாய் உறங்குபவனுக்கும், உறங்காமலே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் அளவைக் கற்பிக்கிறது. பெரியாழ்வாரோ யசோதையின் பாவனையில் நின்று, கண்ணனைப் பாலுண்ண அழைப்பதையும், நீராட்டுவதையும், குழல் வாருவதையும், பூச்சூட்டுவதையும் திருமொழியாக்கினார். உடலைப் பேணும் சிறு செயல்கள் பக்திக்குப் புறம்பானவை அல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கடலை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001ஆம் ஆண்டில் 45 நாட்களாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் 61 நாட்களாக நீண்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறது. சினை மீன்கள் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காகக் கடலுக்கே ஓய்வு கொடுக்கிறோம். தாய் மீனுக்குக் காட்டும் இந்தப் பரிவை வீட்டிலுள்ள தாய்க்குக் காட்ட வேண்டாமா?

மேலும், தாய் எப்போதும் கடைசியில் உண்பதைப் பார்த்து வளரும் பெண் பிள்ளை, தானும் அவ்வாறே தேய வேண்டியவள் என்று கற்கிறாள். ஆண் பிள்ளையோ, தாயும் மனைவியும் கடைசியில் உண்ணப் பிறந்தவர்கள் என்று கற்கிறான். இவ்விரண்டையும் எந்தத் தாயும் தன் மக்களுக்குக் கற்பிக்க விரும்பமாட்டாள்.

கற்பவரே கற்பிக்கலாம்

ஸ்ரீவைஷ்ணவ உலகம் முழுவதும் ஆசார்யராகக் கொண்டாடிய இராமாநுசர், திருப்பதியில் தம் மாமாவான பெரிய திருமலை நம்பியின் திருவடிகளில் ஓராண்டுக் காலம் தங்கி இராமாயணத்தைக் கேட்டுத் தெளிந்தார். திருக்கோட்டியூர் நம்பியிடம் ரஹஸ்யார்த்தம் பெற 18 முறை நடந்தார். ஜகதாசார்யரே மாணவராக நின்றார் எனில், பிள்ளை பெற்றுவிட்டதாலேயே நாம் கற்க வேண்டியது முடிந்துவிடுமா?

பழவேற்காட்டில் செம்புறாங்கல்லால் எடுப்பிக்கப்பட்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவற்றின் முன் நின்று, "இவர் யார், இது எந்த இடம்" என்று சொல்ல வேண்டுமாயின் முதலில் நாம் கதையைக் கற்றிருக்க வேண்டும். தெரியாவிட்டாலும் குற்றமில்லை. "எனக்குத் தெரியவில்லை, இருவரும் கேட்டறிவோம்" என்று சொல்லும் தந்தை, அறிவைவிட அரிதான பணிவைக் கற்பித்தவராகிறார்.

இவ்வுற்சவத்தில் தொடங்குவோம்

இப்பாடம் படித்ததோடு நின்றுவிடாமல் அனுஷ்டானத்திற்கு வரும்பொருட்டுச் சில நியமங்களை விண்ணப்பிக்கிறோம்.

முதலாவது, சந்நிதியில் பிள்ளையைச் சேவிக்கச் சொல்லுமுன் நாம் சேவிப்போம். தீர்த்தத்திற்கும் சடாரிக்கும் பிரஸாதத்திற்கும் முண்டியடிக்காமல் நம் முறை வரும்வரை நிற்போம்.

இரண்டாவது, நாள்தோறும் காலையில் கால் மணி நேரமாவது நீராடித் திருநாமம் சொல்லி அமைதியாயிருப்போம். அந்நேரத்தில் கைப்பேசி எட்ட இருக்கட்டும்.

மூன்றாவது, ஒரு வேளையேனும் தாய் உட்படக் குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து உண்போம். நோயை மறைக்காமல் உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டுவோம்.

நான்காவது, மீன்பாடு இல்லாத நாளில் அந்தக் கோபத்தை வீட்டுக்குள் கொண்டுவராமல், கால் கழுவி, ஒரு கணம் நின்று, திருநாமம் சொல்லிய பின்னரே பேசுவோம். மதுவை விட இந்த உற்சவ நாளே நல்ல நாள். தனியே இயலாதெனில் பெரியோரின் துணையையும் மருத்துவரின் துணையையும் நாடுவதில் வெட்கமில்லை.

ஐந்தாவது, நாம் தவறு செய்த நாளில் பிள்ளையின் முன்னிலையிலேயே அதை ஒப்புக்கொள்வோம்.

"ஆழ்வான் எங்கே, நாங்கள் எங்கே? குறையே இல்லாமல் வாழ எங்களால் ஆகுமா?" என்று சிலர் மனம் தளரலாம். ஏரிக்கரையில் வாழ்வோர்க்கு இதற்கு விடை தெரியும். கிழியாத வலை என்று ஒன்று இல்லை. நண்டு கடிக்கிறது, கட்டை மாட்டுகிறது, கண்ணிகள் அறுகின்றன. கரைக்கு வந்ததும் தகப்பன் வலையை விரித்து, அறுந்த இடத்தைத் தேடி முடிகிறான். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை பார்க்கிறான். அவ்வாறே தம் குறையைத் தேடிச் சரிசெய்துகொள்ளும் பெற்றோரைப் பார்த்து வளர்வதே பிள்ளைக்குப் போதும். அந்த முயற்சிக்கு எம்பெருமான் துணை நிற்பான்.

எல்லாக் குடும்பங்களிலும் நன்மக்கள் வளர, ஸர்வ மங்களங்களும் உண்டாக, அவன் திருவடிகளைப் பிரார்த்திக்கிறோம்.

சுபமஸ்து.